லோசானா வீட்டு ஏரிப்பக்க மூலை

நான் கட்டின வீடுகளிலேயே என்னைத் தலையால் தண்ணி குடிக்க வைத்த வீடு எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன், ஓஹ்ரித் ஏரிக்கரையில் லோசானாவுக்குக் கட்டின வீடு. வீடு என்ன பாவம் செய்தது, எல்லாம் வீட்டுக்காரியால்தான். முதல் லோடு சிமெண்ட் வந்து இறங்கியதும் அந்த அம்மா கைப்பையைத் திறந்து உதட்டுச்சாயத்தை எடுத்தாள். இந்த வெயிலில், இந்தச் சேற்றில் யாருக்காக அழகு பண்ணிக்கொள்கிறாள் என்று பார்த்தால், மூட்டை மூட்டையாகப் போய்ச் சிவப்பாக ஒரு கோடு இழுக்கிறாள்.

“என்னம்மா இது?” என்றேன்.

“அடையாளம். நல்ல மூட்டையை வித்துட்டு மட்டமானதைக் கொண்டாந்து வெச்சிருவீங்கல்ல, அதுக்குத்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் ஊர் தெபார் பக்கத்து மலை. அங்கே பிறந்தவன் நடக்கிறதற்கு முன்னாலேயே கொத்துக்கரண்டி பிடிப்பான். எங்கள் அப்பாவும், அவருடைய அப்பாவும் இந்த ஏரியைச் சுற்றி எத்தனையோ வீடு கட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் திருடன் என்று சொன்னதில்லை. “போகே மேஸ்திரி யாருன்னு ஊர்ல விசாரிச்சுப் பாரும்மா” என்றேன்.

“விசாரிச்சுட்டேன். நல்லவன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் சொல்றாங்கன்னா ஏதோ இருக்கு” என்றாள்.

மத்தியானம் என் சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து காட்டச் சொன்னாள். ரொட்டியும் வெங்காயமும் உப்புக்கண்டமும்தான் இருந்தது. வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டாள். என் ஆள் ஸ்பிரோ, “செங்கல்லைச் சின்னதாக்கி வெங்காயம் மாதிரி கொண்டு போறோம்னு நெனச்சுட்டாங்க போல மேஸ்திரி” என்று முணுமுணுத்தான். அவன் வாயை நான் அடைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொழுதுக்கும் வெயிலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? பேச்சு வந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதை எனக்குத் தெரிந்தது.

அவளுடைய அம்மா செத்தபோது தம்பி குஸ்மான் தொட்டிலில் கிடந்தான். லோசானா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடு மேய்த்து, அடுப்பு ஊதி, வளர்த்து ஆளாக்கினாள். அவனும் வளர்ந்தான், நிற்காமல் வளர்ந்தான். ஊரில் அவ்வளவு உயரம் வேறு ஒருத்தனும் கிடையாது. பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, புருஷனோடு ஸ்வீடன் போனாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத கூடத்தில், நோயாளிகளின் துணிகளைத் துவைக்கிற வேலை. அவள் சேர்த்ததை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். பித்தோலா டவுனில் வீடு வாங்கித் தருகிறேன் என்று சொந்த ஊர்க்காரன் ஒருத்தன் வந்தான். அவன் பணம் வாங்கிக்கொண்டு காட்டின வீடு வேறு யாருடையதோ. அதற்கப்புறம் அவள் யாரையும் நம்புவதில்லை.

“நான் கெட்டவ இல்ல மேஸ்திரி. நம்பி நம்பி என் நம்பிக்கை தீந்துபோச்சு, அவ்வளவுதான்” என்றாள் ஒரு நாள். அன்றைக்கு என் பையைச் சோதிக்கவில்லை. மறுநாள் சோதித்தாள்.

இந்த இடம் அவளுக்கு வந்த கதை தனி. எங்கள் பக்கம் அக்கா தங்கைகள் சொத்தில் பங்கு கேட்க மாட்டார்கள். அப்பா போனதும் பத்திர எழுத்தரிடம் போய், எல்லாம் என் தம்பிக்கே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கேட்டவளை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். லோசானாவும் சிரித்த முகமாகப் போட்டாள். வாதுமைத் தோப்பு, திராட்சைக் கொல்லை, மலையோரத்து வீடு எல்லாம் குஸ்மானுக்கு. அப்பா சாகிறதற்கு முன்னால், பெண்ணுக்கும் ஏதாவது கொடுத்ததாக இருக்கட்டும் என்று ஏரியோரத்து நாணல் காட்டைக் காட்டி, அது உனக்கு என்று வாயால் சொல்லியிருந்தார். மாடுகூட இறங்காத சேறு. குஸ்மான் அப்போது விழுந்து விழுந்து சிரித்தானாம். “அக்கா, தவளைங்க உனக்கு மாசா மாசம் வாடகை குடுக்கும், வாங்கிக்கோ” என்றானாம்.

காலம் மாறிவிட்டது. இன்றைக்கு ஏரியைத் தொட்ட மாதிரி ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவன் ராஜா. இரண்டு பக்கமும் விடுதிக்காரர்கள் வந்து முளைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவள் கேட்ட முதல் சேதி, குஸ்மான் காப்பிக்கடையில் உட்கார்ந்து, “அந்த எடம் அப்பா வாயாலதான் குடுத்தாரு” என்று சொன்னானாம். யாரோ சொல்லி யாரோ வந்து அவளிடம் ஓதிவிட்டார்கள். அவன் எதற்குச் சொன்னானோ தெரியாது. அவள் போய்க் கேட்கவும் இல்லை. அதுவரை அப்பா பேரிலேயே கிடந்த பட்டாவை அவசர அவசரமாகத் தன் பேருக்கு மாற்றி, என்னைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். தம்பியோடு பேச்சு நின்றது.

வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள்ளேயே பல வருஷமாகக் கட்டி வைத்திருந்தாள். எந்த அறையில் நின்றாலும் ஏரி தெரிய வேண்டும். சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்தும், மாடிப்படியில் ஏறும்போதும் தெரிய வேண்டும்.

“கக்கூஸ்லயுமாம்மா?” என்றேன்.

“ஜன்னல் இல்லாத எடத்துல நான் வேலை பாத்தது போதும். அங்கயும் வை.”

சரி, வைத்துவிட்டுப் போகிறேன். பணம் அவளுடையது, ஏரி கடவுளுடையது.

நாங்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து குஸ்மான் வர ஆரம்பித்தான். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்ப்பான். முகம் வற்றிப்போய், சட்டை தொளதொள என்று தொங்கும். பெண்டாட்டி செத்து, மகள் ஆஸ்திரேலியா போய், தனியாகக் கிடக்கிறவன்.

“கண்ணாலயே அளக்கறான் பாருங்க. சுவர் எழும்பட்டும்னு காத்திருக்கான். எழும்பினதும் கேஸ் போடுவான்” என்றாள் லோசானா.

எனக்கும் அவன் முழி சரியாகப் படவில்லை. ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் வந்தான்.

“மேஸ்திரி, ஏரிப்பக்க மூலைக்குக் கான்கிரீட் என்னிக்குப் போடறீங்க?”

“உங்களுக்கு எதுக்குய்யா?”

“சும்மாதான்.”

சும்மா கேட்கிறவன் எந்த மூலை என்று கேட்பானா? ராத்திரி வந்து கம்பியை அவிழ்த்துவிடுவானோ, எல்லைக்கல் எதையாவது புதைத்து வைத்துவிட்டு என் இடம் என்பானோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. அவளிடம் சொன்னேன். அவள் நாற்காலியை அந்த மூலைக்கே மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்கள் ஊர்களில் அஸ்திவாரத்துக்குச் சேவல் அறுப்போம். தலையை மூலையில் வைத்துத்தான் முதல் கல். இன்றைக்கும் அதை விட்டவர்கள் கிடையாது. லோசானா சேவல் வாங்கும்போதுகூட அது சீக்குச் சேவல் என்று கடைக்காரனோடு சண்டை போட்டாள். அந்தக் காலத்தில் சேவலோடு நிற்கவில்லை. பாலத்துக்கும், தண்ணீரோரம் கட்டுகிற வீட்டுக்கும் சேவல் ரத்தம் பத்தாது, ஒரு ஆளின் நிழல் வேண்டும் என்பார்கள். ஆளுக்குத் தெரியாமல் பின்னால் நின்று, உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை அஸ்திவாரத்தில் புதைத்துவிட வேண்டும். கட்டடம் அசையாமல் நிற்கும். அளக்கப்பட்ட ஆள் நாற்பது நாளில் செத்துப்போய்விடுவான், அந்த வீட்டுக்கே காவலாக இருப்பான். இதை வாயால் யாரிடமாவது சொல்லிவிட்டால் பலிக்காது. நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். வானம் தோண்டின இடத்துப் பக்கம் என் பெண்டாட்டியை நான் வரவிட்டதில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

கான்கிரீட் போடுகிற நாள் வந்தது. கலவை லாரி, அக்கம்பக்கத்து ஆட்கள், ஒரே கூச்சல். அந்த நேரம் பார்த்துக் குஸ்மான் முதல் தடவையாக வேலியைத் தாண்டி உள்ளே வந்தான். கையில் ஒரு ஜாடி திராட்சைச் சாராயம். வேலைக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுத்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் லோசானாவால் துரத்த முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லாரிக்காரன் கூலித் தகராறு ஒன்றைக் கிளப்ப, அவள் அந்தப் பக்கம் ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தேன். குஸ்மான் ஏரிப்பக்க மூலையில் குனிந்து எழுந்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். கம்பி கம்பியாக இருந்தது, பலகை பலகையாக இருந்தது. என் குறடும் அங்கேயே கிடந்தது. கலவை வந்து விழுந்துவிட்டது.

கான்கிரீட் இறுகிப் பலகையைப் பிரித்த அன்று அதைப் பார்த்தது லோசானாதான். அவள் கண்ணுக்கு எது தப்பும்? மூலைக் கான்கிரீட்டின் முகத்தில், கைக்கெட்டுகிற உயரத்தில், பச்சையாக என்னவோ மின்னியது. பாட்டிலின் அடிப்பாகம்.

“இது என்ன?”

“எவனோ குடிச்சுட்டுப் போட்டிருப்பாம்மா” என்றேன்.

அவள் குனிந்து, கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே சிவப்பாகச் சுருட்டி வைத்த கம்பளிக் கயிறு. ஸ்பிரோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். என் கையிலிருந்த சுத்தியல் தானாகக் கீழே இறங்கியது. அது என்ன கயிறு என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“என்னை அளந்துட்டான். அப்பா திவசத்தன்னிக்குக் கோயில்ல எனக்குப் பின்னாடி நின்னான். நான் திரும்பிப் பாத்தப்ப கையைச் சட்டைப்பைக்குள்ள விட்டான். அப்பவே எனக்குச் சந்தேகம். நான் செத்தா எடம் யாருக்கு? அவனுக்குத்தானே!” என்றாள் லோசானா.

முகம் வெளுத்துவிட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, படியேறினால் மூச்சு வாங்கியது. பயந்தால் வருகிறதுதான் அதெல்லாம் என்று எனக்குப் புத்தி சொன்னது. ஆனால் நானும் நாற்பது நாளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

குஸ்மான் வீட்டு வாசலுக்குப் போய் நின்று அவள் போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டது. “வெளிய வாடா! தூக்கி வளத்தவளைக் கொல்லப் பாக்கறியே, நீ நல்லா இருப்பியா? பங்கு கேட்டேனாடா நான்? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தானே போனேன்! அந்தச் சேறுகூட எனக்கு இருக்கக் கூடாதா?”

அவன் வாசலில் வந்து நின்றான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. “இல்லக்கா” என்றுகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உடைச்சிராதக்கா. அது அப்படியே இருக்கட்டும்” என்றான்.

இதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரி காறித் துப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஏன்யா, மனுஷனாய்யா நீ?” என்று கேட்டேவிட்டேன்.

“உங்க வேலையைப் பாருங்க மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

திரும்பி வந்ததும் அவள், “உடை” என்றாள்.

“அம்மா, அது ஏரிப்பக்க மூலை. மொத்த பாரமும் அங்கதான் வந்து ஒக்காரும். ஒட்டுப் போட்டா ஒட்டுதான். வேணும்னா பாதிரியாரைக் கூட்டியாந்து தண்ணி தெளிச்சு…”

“வீடு விழுந்தா விழட்டும். நான் உசிரோட இருக்கணும்யா. உடை!”

உளியை வைத்து மெதுவாகத்தான் கொத்தினோம். பாட்டில் முழுசாகவே வந்தது. மூடியை மெழுகு போட்டு அடைத்திருந்தான், பாவி. லோசானா அதைக் கல்லில் தட்டி உடைத்தாள். கயிற்றை உதறினாள். இரண்டு முனையிலும் முடிச்சு.

“பிடி” என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். “எந்நேரம் அளந்தான், எப்படி அளந்தான்னு எனக்குத் தெரியணும். என் உச்சிக்குச் சரியா வருதா பாரு.”

கயிற்றை மேலே இழுத்தேன். அவள் இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, உச்சியையும் தாண்டியது. என் கையில் இன்னும் கயிறு இருந்தது.

“வந்துச்சா?”

“தாண்டிருச்சும்மா.”

“என்னது தாண்டிருச்சு? நீ இழுக்கற! தளர விடு.”

“தளரத்தாம்மா இருக்கு. இன்னும் ஒரு முழத்துக்கு மேல இருக்கு.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைத் தள்ளிவிட்டு ஸ்பிரோவைப் பிடிக்கச் சொன்னாள். அப்புறம் ஸ்பிரோவையே நிற்க வைத்து அளந்தாள். அவனுக்கும் மீந்தது. அவன் எங்கள் கூட்டத்திலேயே உயரமானவன். கயிற்றின் மேல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இந்த ஊரில் அந்த முடிச்சுக்குத் தலை கொடுக்கிறவன் ஒருத்தன்தான் என்று சொல்ல என்ன இருக்கிறது?

சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இதுல அவனுக்கு என்ன லாபம்?” என்றாள். மறுபடியும், “ஏதாவது இருக்கும். லாபம் இல்லாம எவன் செய்வான்?” என்றாள். பிறகு விருட்டென்று எழுந்து நடந்தாள். இவள் அங்கே போய் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

குஸ்மான் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தான். மேஜை முழுக்க மருந்து. வாங்கி அடுக்கி வைத்திருந்தான், பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. லோசானா கயிற்றை அவன் முன்னால் போட்டாள்.

“என்னடா இது?”

அவன் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். “உடைச்சிட்டியா. சொன்னா கேக்க மாட்டியே நீ.”

“என்னடா உனக்கு?”

“வயித்துல என்னமோ. ஸ்கோப்யேவுல பெரிய டாக்டர் பாத்தாரு. அடுத்த வாதுமை அறுப்புக்கு நான் இருக்க மாட்டேன்கிறாரு. அவரு மொகத்தைப் பாத்தா பொய் சொல்றவரு மாதிரி தெரியல.” பிரிக்காத மருந்து டப்பா ஒன்றைத் தள்ளி வைத்தான். “எப்படியும் போறதுதானேக்கா. சும்மா போறதுக்கு உன் வீட்டுக்காவது ஆகட்டுமேன்னு பாத்தேன். தண்ணியோரம் வேற. தவளை எடம்னு சிரிச்சேன்ல நான்.”

“கொலைகாரன்னு ஊரே கேக்கக் கத்தினேனே, வாயைத் தொறந்தியாடா?”

“சொன்னா பலிக்காதே.”

அப்போது அவள் அந்தக் கயிற்றை எடுத்து அவன் தோளிலும் முதுகிலும் விளாசின விளாசல் இருக்கிறதே, நான் தடுக்கப் போய் எனக்கும் ஒன்று விழுந்தது. “செத்தா சாவுடா! டாக்டர் சொன்னா செத்துத் தொலை! ஆனா என் செவுத்துக்குள்ள சாகாதே! வேலிக்கு வெளியில நின்னு நீ பாக்கறதுக்காடா நான் வீடு கட்டறேன்? உள்ள வந்து ஒக்கார ஒரு நாதி இல்லாம ஒவ்வொரு ஜன்னலா வெக்கச் சொல்லிட்டு இருக்கேன்!” என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். அவன் நகரவே இல்லை. கடைசியில் அவள் கை ஓய்ந்து, அவன் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தூசி விழுந்தால் உடனே துடைக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கயிற்றோடு வேலைக்கு வந்து நின்றாள். “மேஸ்திரி, கீழ ஏரியைப் பாத்தாப்பல இருக்கே, என் அறை. அது அவனுக்கு. நான் மாடிக்குப் போயிக்கறேன். வாசக்காலை இந்தக் கயித்துக்கு மேல ஒரு சாண் விட்டு வை. இவன் பொறந்ததுலேருந்து எந்த வாசல்லயும் குனிஞ்சே போறான்.”

“அம்மா, அவ்வளவு உயரத்துக்கு வெச்சா வீட்டு மொகமே கோணலாப் போயிரும். மத்த வாசலெல்லாம்…”

“வெக்கறியா, வேற ஆளைப் பாக்கட்டுமா?”

வைத்தேன். மூலையையும் கம்பி விட்டுக் கட்டி, எனக்குத் தெரிந்த அத்தனை பலத்தையும் கொடுத்து அடைத்தேன். வாசக்கால் நின்ற அன்று அவள் ஏணி போட்டு ஏறி, கயிற்றைத் தொங்கவிட்டு, என் கண் முன்னாலேயே அளந்தாள். அப்புறம் என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு இன்னொரு தடவை அளந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூரை வேய்கிறவரை சிமெண்ட் மூட்டையில் உதட்டுச்சாயம் பூசுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் சாயங்காலங்களில் குஸ்மானுக்கு மருந்து வாங்கி வரும்போது எனக்கும் ஸ்பிரோவுக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வருவாள். ரொட்டிக்கடைக்காரன் எடையில் ஏமாற்றிவிட்டான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவாள்.

டாக்டர் சொன்ன அறுப்பையும் தாண்டி இன்னொரு அறுப்புவரைக்கும் குஸ்மான் இருந்தான். அந்த அறையில்தான், சூரியன் ஏரிக்குள்ளிருந்து எழுந்து நேராக முகத்தில் விழுகிற அந்த ஜன்னலோரம்தான் போனான். ஆனால் எனக்கு அவனை நினைத்தால் ஞாபகம் வருவது அது இல்லை, குடிவந்த நாள். ஜன்னல்களுக்குக் கண்ணாடிகூடப் போட்டு முடியவில்லை, இவள் அவசரம் தாங்கவில்லை. ஒரு கையில் தடி, மறு கையை அவள் பிடித்திருக்க, மெதுவாக நடந்து வந்தான். நானும் ஸ்பிரோவும் ஒதுங்கி நின்றோம். அந்த உயரமான அறைவாசலுக்குப் பக்கத்தில் வந்ததும், தலைக்கு மேலே அவ்வளவு இடம் இருந்தும், அவன் கழுத்து தன்னாலே மடங்கிவிட்டது. தோளைக் குறுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நுழையப் போனான்.

லோசானா அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“நிமிந்து போடா!”